திறக்கக் கூடாத கலங்கரை

அந்த அலுவலகத்தில் சுவர் என்று ஒன்று கிடையாது, எல்லாம் கண்ணாடி. 'இங்கே ஒளிவுமறைவு இல்லை' என்று வாசலில் ஆளுயர எழுத்தில் பொறித்திருந்தார்கள். அதற்கு நேர் கீழே இரண்டு காவலாளிகள் நின்று, வருகிறவர்களின் செல்போனை வாங்கிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்கள்.

"புரியுதா பாஸ்?" என்றாள் குண்டூசி, கையில் கிடைத்த டோக்கனைச் சுழற்றியபடி. "ஒளிவுமறைவு அவங்ககிட்ட இல்லையாம். நம்மகிட்டயும் இருக்கக் கூடாதாம்."

மாஜி தன் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் ஒரு காலத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டர். ஒரு பெரிய மனிதரின் மைத்துனரிடம் தேவைக்கு மேல் ஒரே ஒரு கேள்வி கேட்டதில் மாஜி இன்ஸ்பெக்டர் ஆனார். வேலை போய்விட்டது, 'மாஜி' மட்டும் பெயராக நின்றுவிட்டது. இப்போது தனியார் துப்பறிவாளர். அவரிடம் வேலை பார்க்கும் ஒரே ஆள் குண்டூசி. உடம்பும் அப்படி, வாயும் அப்படி.

அன்று காலை அவர்களுடைய அலுவலகத்துக்கு ஓர் அம்மாள் வந்திருந்தாள். உட்காரக்கூட இல்லை.

"என் மருமகளைத் திருடின்னு சொல்றாங்க. அவளுக்குச் சமைக்கத் தெரியாது, துணி மடிக்கத் தெரியாது, பெரியவங்க வந்தா எழுந்து நிக்கத் தெரியாது. திருடவும் தெரியாது. அவளைத் திட்டறதுக்கு வீட்ல நான் ஒருத்தி இருக்கேன். நடுவுல கம்பெனிக்காரன் யாருங்க?"

இவ்வளவு நேர்த்தியான நற்சான்றிதழை மாஜி தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை. வழக்கை எடுத்துக்கொண்டார்.

இப்போது அந்த மருமகள் கண்ணாடி அறைக்குள், நீள மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வீடியோ கேம்களை விளையாடிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்கும் டெஸ்டர் வேலை. எதிரே ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா. மேஜையின் தலைமாட்டில் காலில் செருப்பில்லாமல் ஒருவர் நின்றிருந்தார். நீட்டிய விசிட்டிங் கார்டில் 'தலைமைக் கதைசொல்லி' என்று போட்டிருந்தது. விசாரித்ததில் முதலாளி என்று தெரிந்தது.

"நாங்க கேம் விக்கறதில்லை சார்," என்றார் அவர் கண்களை மூடி. "உணர்வுகளை விக்கறோம்."

"பில் போட்டா?" என்றாள் குண்டூசி.

அவர் கண்களைத் திறந்தார். விஷயத்துக்கு வந்தார்.

போன மாதம் அவர்களுடைய 'இருள் துறைமுகம்' என்ற கேம் டிஸ்க்காக வெளிவந்தது. துறைமுகத்தின் கோடியில் ஒரு கலங்கரை விளக்கம். அதன் கதவை எவ்வளவு தட்டினாலும் திறக்காது. அடுத்த வாரம் அந்தக் கலங்கரையின் உட்புறம் தனி அத்தியாயமாக வரப்போகிறது. கடையில் கிடைக்காது, இணையத்தில் பணம் கட்டி இறக்கிக்கொள்ள வேண்டும். வெளியாகும் நாள் தலைமைக் கதைசொல்லியின் பிறந்த நாள். அந்த ஒரு நாள் மட்டும் எல்லாருக்கும் இலவசம். மறுநாளிலிருந்து கட்டணம்.

"ரசிகர்களுக்கு என் பிறந்த நாள் பரிசு. டிஸ்க் கடைக்குப் போன அன்னிக்குக் கலங்கரைங்கறது எங்க கற்பனையில கூட இல்லை சார். அதுக்கப்புறம்தான் ராப்பகலா ரத்தம் சிந்தி உருவாக்கினோம்."

குண்டூசி குனிந்து தரைவிரிப்பைப் பார்த்தாள். "கறை ஒண்ணும் தெரியலையே."

"கதவு மட்டும் டிஸ்க்லயே இருந்ததே?" என்றார் மாஜி.

"கதவு வேற, கலங்கரை வேற," என்றார் அவர், உபநியாசக் குரலில்.

விஷயம் இதுதான். மூன்று நாளைக்கு முன் 'தவளை' என்ற பெயரில் யாரோ ஒரு வீடியோவை விளையாட்டுக்காரர்கள் கூடும் இணையப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். கலங்கரைக்குள்ளே நடந்து போகும் வீடியோ. இன்னும் வெளிவராத அத்தியாயம். அது உலகத்திலேயே ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதாம். அந்தக் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் போகும் அட்டை டெஸ்டரிடம்தான் இருந்ததாம். நான்தான் திருடினேன் என்று எழுதிக் கொடுத்தால் வேலையோடு போகும். இல்லாவிட்டால் சாயங்காலம் புகார் போலீஸுக்குப் போகும்.

"எழுதிக் குடுத்தா மட்டும் வேற எவன் வேலை குடுப்பான்?" என்றாள் குண்டூசி.

"அது காலத்தின் கையில்."

"வீடியோவைப் போடுங்க," என்றார் மாஜி. "இவங்களுக்குக் காட்டினீங்களா?"

"ஆதாரத்தை எதுக்குக் காட்டணும்?"

"இப்ப காட்டுங்க."

பெரிய திரையில் ஓடியது. டிவியைச் செல்போனால் படம் பிடித்திருந்தார்கள். படம் லேசாகச் சாய்ந்திருந்தது. கலங்கரையின் கதவு திறந்தது. உள்ளே ஒரு காவல் நாய். விளையாடுகிற ஆளிடம் இரும்புத் தடி இருந்தும் நாயை அடிக்கவில்லை. நாய் தூங்கும்வரை மூலையில் பொறுமையாகக் காத்திருந்து, சுற்றிக்கொண்டு போனது. அந்த ஆள் ஒவ்வொரு மேஜை இழுப்பறையையும் திறந்து பார்த்தது, பார்த்ததும் மூடியது. ஒரு அறையை விட்டு வெளியே வரும்போது சுவரிலிருந்த விளக்கை அணைத்தது. அடுத்த அறையிலும் அணைத்தது.

"திருடன் நல்ல வளர்ப்பு பாஸ்," என்றாள் குண்டூசி. "போற இடமெல்லாம் கரண்டை மிச்சம் பண்றான்."

மாஜி திரையைப் பார்க்கவில்லை. டெஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் விளக்கு அணைந்தபோது அவள் முகத்திலிருந்த கோபம் போனது. இரண்டாவது அணைந்தபோது அவள் பேனாவை எடுத்தாள்.

"எழுதிக் குடுத்துடறேன் சார்."

"அவசரமே இல்லைம்மா," என்றார் மாஜி. "சாயங்காலம் வரைக்கும்னு அவரே சொன்னாரே. கதைசொல்லி சொன்ன சொல் தவறலாமா?"

மாடிப்படியில் அவளைத் தனியாக நிறுத்தினார்.

"வீடியோ பார்க்கறதுக்கு முன்னாடி பேனா மேஜையில கிடந்துச்சு. பார்த்தப்புறம் கைக்கு வந்துடுச்சு. ஏம்மா?"

"களைச்சுப் போயிட்டேன் சார்."

"யாரைக் காப்பாத்தறீங்க?"

அவள் படிக்கட்டின் கைப்பிடியைத் துடைப்பதுபோல் தடவினாள். "அத்தைகிட்ட இதையெல்லாம் விவரமா சொல்லாதீங்க. ஆபீஸ்ல ஏதோ ஃபைல் காணோம், என்னைச் சந்தேகப்படறாங்கன்னு மட்டும்தான் சொல்லி வச்சிருக்கேன். என் வீட்டுக்காரர் கப்பல்ல வேலையா இருக்கார். வீட்ல அவங்க தனி."

உள்ளே போய்விட்டாள். கண்ணாடி வழியே பார்த்தார்கள். தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள், எழுதவில்லை.

"திருடாதவங்க திருடினேன்னு எழுதறதுக்கு ரெண்டு காரணம்தான் இருக்கு," என்றார் மாஜி. "ஒண்ணு பயம். இவ பயப்படலை. கிளம்பு, மாமியாரைப் பார்க்கணும்."

"மாமியாரைப் பார்க்க இவ்வளவு அவசரமா ஓடற முதல் ஆம்பளை நீங்கதான் பாஸ்."

வீடு இரண்டாம் மாடியில். அந்த அம்மாள் கதவைத் திறந்து, உட்கார வைத்து, மின்விசிறியைப் போட்டாள். "என்ன ஆச்சு, விட்டுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தண்ணீர் எடுக்கப் போனாள். போகிற வழியில் கூடத்துக் குழல்விளக்கை அணைத்தாள். திரும்பி வரும்போது சமையலறை விளக்கை அணைத்தாள். பக்கத்து அறையில் யாருமில்லாமல் எரிந்த பல்பை எட்டிப் பார்த்து அதையும் அணைத்தாள்.

"அம்மா, உங்க மருமக..." என்று ஆரம்பித்த குண்டூசி பாதியில் நிறுத்தினாள். அவள் வாயில் வார்த்தை நிற்பது அபூர்வம்.

மாஜி டிவிக்குக் கீழே பார்த்தார். ஒரு கேம் மெஷின். "மருமகளோடதா?"

"அவ எங்க தொடறா? நாளெல்லாம் ஆபீஸ்ல அதே வேலை. வீட்டுக்கு வந்தா அதைப் பார்த்தாலே தலை வலிக்குதுங்கறா." அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கினாள். "நான்தான். பொழுது போகணுமே. தோட்டம் போடற கேம் ஒண்ணு இருக்கு. பூசணி, தக்காளி எல்லாம் வைக்கலாம்."

"காய்க்குதா?"

"விதை போட்டா நிஜ நாள் கணக்குக்குத்தான் காய்க்கும். அதுவரைக்கும் யார் உட்கார்ந்திருக்கறது? மெஷின்ல தேதியைத் தள்ளி வச்சா காய்ச்சுடுது. தினம் ஒரு நாள், ரெண்டு நாள் தள்ளுவேன்."

குண்டூசி மெஷினைப் போட்டுத் தேதியைப் பார்த்தாள். "பாஸ், இந்த வீட்ல அடுத்த மாசம் வந்தாச்சு. நாமதான் இன்னும் இந்த மாசத்துலயே திண்டாடறோம்."

"நெட் போட்டா தேதி தானா சரியாயிடுமே?" என்றார் மாஜி.

"அதனாலதான் அந்த வயரை எப்பவோ பிடுங்கிட்டேன்."

மாஜி தண்ணீரைக் குடித்து முடித்துத் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "துறைமுகம் விளையாடினீங்களா?"

"பின்ன? மருமக வேலை பார்த்த கேமாச்சே. அவ ஓசியில வாங்கித் தர மாட்டேன்னுட்டா, நானே கடையில போய் டிஸ்க் வாங்கினேன்." முகம் மலர்ந்தது. "கடைசியில ஒரு கலங்கரை வரும். யாருக்கும் திறக்கலையாம். எனக்கு ஒரு நாள் திறந்துச்சுங்க. மறுநாள் போனா மறுபடி பூட்டிக்கிச்சு. நல்லவேளை, திறந்த அன்னிக்கே போன்ல படம் பிடிச்சு, அதை விளையாடறவங்க பக்கத்துல போட்டுட்டேன். எத்தனை பேர் பாராட்டினாங்க தெரியுமா?"

"என்ன பேர்ல போட்டீங்க?"

"அது எதுக்குங்க..." வெட்கப்பட்டாள். "தவளைன்னு. சின்ன வயசுல எங்க அண்ணன் அப்படித்தான் கூப்பிடுவான்."

 மாஜி எல்லாவற்றையும் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை.

அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அப்ப அவளைத் திருடியாக்கினது நான்தானா?" உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்து செருப்பைத் தேடினாள். "வாங்க. நான்தான்னு சொல்லிடறேன்."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? மருமக திருடிக் கொண்டு வந்தாளாம், மாமியார் விளையாடினாங்களாம்னு ஒரே புகார்ல ரெண்டு பேரையும் எழுதுவாங்க. இப்ப அவங்ககிட்ட சந்தேகம்தான் இருக்கு. நாம போய் சாட்சியைக் குடுத்துடுவோம்."

"துப்பு கிடைக்கக் கிடைக்க நம்ம கட்சிக்காரங்க கழுத்துலதான் கயிறு இறுகுது," என்றாள் குண்டூசி. கேலியாகத்தான் சொன்னாள், ஆனால் குரல் கேலியாக வரவில்லை. "இதுக்கு நாம வராமலே இருந்திருக்கலாம் பாஸ்."

மாஜி எழுந்து கூடத்தில் நடந்தார். மணி நான்கைத் தாண்டியிருந்தது. அந்தப் பெண் அங்கே தாளை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எழுதியும் இருக்கலாம்.

"மருமக இந்த மெஷின்ல ஏதாவது கொண்டு வந்து போட்டாளா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"தூசி தட்டக்கூடத் தொட்டதில்லை. அதுக்கும் நான்தான் திட்டுவேன்."

"நெட் வயரும் இல்லை. அப்ப கலங்கரை இந்த வீட்டுக்குள்ள எந்த வழியா வந்துச்சு?" அவர் நின்றார். "ஒரு நாள் திறந்துச்சு, மறுநாள் பூட்டிக்கிச்சுன்னீங்களே. திறந்த அன்னிக்கு மெஷின்ல என்ன தேதிக்குத் தள்ளி வச்சிருந்தீங்க?"

"அன்னிக்குத்தானே முதல் பூசணி பறிச்சேன்," என்று அந்த அம்மாள் தேதியைச் சொன்னாள்.

மாஜியும் குண்டூசியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நானும் வருவேன்," என்றாள் அந்த அம்மாள். தடுக்கிற தைரியம் இருவருக்கும் இல்லை.

கண்ணாடி அறைக்கு அவர்கள் மூன்று பேராகப் போனபோது, தாளில் நாலு வரி எழுதியாகியிருந்தது. கையெழுத்து இன்னும் இல்லை. மாமியாரைப் பார்த்ததும் டெஸ்டர் எழுந்து நின்றுவிட்டாள்.

"இவங்க யாரு?" என்றார் தலைமைக் கதைசொல்லி.

"உணர்வு வாங்கினவங்க," என்றாள் குண்டூசி.

மாஜி வழியில் கடையில் வாங்கிய டிஸ்க்கை மேஜைமேல் வைத்தார். பிளாஸ்டிக் உறை பிரிக்காதது. "நீங்களே பிரிங்க சார். இது உங்க டிஸ்க், அது உங்க மெஷின், இது உங்க கை. நாங்க யாரும் எதையும் தொடலை. நெட் வயரையும் நீங்களே பிடுங்கிடுங்க."

"எதுக்கு இந்த நாடகம்?"

"நீங்க கதைசொல்லி. நாடகத்துக்குக் கூச்சப்படலாமா?"

அவர் பிரித்தார். டிஸ்க் சுழன்றது. துறைமுகம் வந்தது, கோடியில் கலங்கரை வந்தது. கதவைத் தட்டினார், திறக்கவில்லை. ஒரு நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

"இப்ப மெஷின்ல தேதியை மாத்துங்க," என்றார் மாஜி. "உங்க பிறந்த நாளுக்கு."

தலைமைக் கதைசொல்லி கையிலிருந்த கன்ட்ரோலரைப் புரட்டிப் பார்த்தார்.

"மறந்துடுச்சா சார்?" என்றாள் குண்டூசி. "லிஃப்ட்ல, வரவேற்பறையில, பாத்ரூம் கதவுல எல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கு. பார்த்துட்டு வந்து சொல்லட்டுமா?"

அந்த அம்மாள் பொறுமையிழந்து கன்ட்ரோலரை அவர் கையிலிருந்து வாங்கினாள். பழகின விரல்கள். தேதி முன்னால் ஓடியது, நின்றது. மறுபடி துறைமுகம், மறுபடி கலங்கரை. தட்டக்கூட இல்லை, பக்கத்தில் போனதும் கதவு திறந்துகொண்டது. உள்ளே நாய், படிக்கட்டு, மேஜைகள், விளக்குகள். எதுவும் பாக்கியில்லாமல் எல்லாம் இருந்தன.

"உங்க பிறந்த நாள்ல எல்லாருக்கும் இலவசம். அந்த ஆசையை டிஸ்க்குள்ளயே எழுதி வச்சுட்டீங்க," என்றார் மாஜி. "அன்னிக்குத் தேதி காட்டற எந்த மெஷின்லயும் திறக்கும். இன்னிக்குக் கடையில வாங்கின டிஸ்க்குலயும் இருக்கு, போன மாசம் வாங்கினதுலயும் இருக்கு. டிஸ்க் போன அன்னிக்கு உங்க கற்பனையிலயே இல்லாத கலங்கரை."

"டெக்னிக்கலா பார்த்தா..." என்று அவர் தொண்டையைச் செருமினார். "டவுன்லோடு ஆகறது ஒரு அனுமதி. ஒரு சாவி. உள்ளடக்கம்ங்கறது ஒரு பயணம்..."

"சட்டையை வித்துட்டு, பொத்தான் துளைக்குப் பின்னாடியே வந்து காசு கேக்கறதுக்குப் பேரு பயணமா?" என்றாள் அந்த அம்மாள்.

அவர் வக்கீலுக்குப் போன் செய்ய வேண்டும் என்று வெளியே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உதடுகள் அசைவது தெரிந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அந்த அம்மாள் மருமகள் பக்கம் திரும்பினாள். "தவளை நான்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

"லைட்டை அணைச்சீங்களே அத்தை."

"டிஸ்க்ல இருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"டிஸ்க் அச்சாகறதுக்கு முன்னாடியே அதைத்தானே டெஸ்ட் பண்ணிட்டிருந்தேன். முதல்ல அது கேமோட கடைசி அத்தியாயம். அப்புறம்தான் பூட்டச் சொன்னாங்க. வெளியில மூச்சு விட மாட்டேன்னு வேலைக்குச் சேரும்போதே எழுதிக் குடுத்திருக்கேன். அதை மீறிச் சொன்னாலும், அப்ப வெளியில எப்படித் திறந்துச்சுன்னு கேப்பாங்க. தேதியைத் தள்ளற ஆள் யாருன்னு தேடி நம்ம வீட்டுக்குத்தான் வருவாங்க."

"வரட்டுமே. பூசணி திருடினேன்னா சொல்லப் போறாங்க? ஏண்டி, அதுக்காக ஜெயிலுக்குப் போவியா?" குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்கத் திட்டினாள். "ஒரு வேலை உருப்படியா செய்யத் தெரியாது. பொய் சொல்லவாவது தெரியுமான்னா, அதுவும் தெரியலை."

டெஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாஜி ஜன்னல் பக்கம் திரும்பினார். குண்டூசி திரையிலிருந்த நாயை ரொம்பக் கவனமாகப் பார்த்தாள்.

தலைமைக் கதைசொல்லி திரும்பி வந்தபோது காலில் ஷூ இருந்தது. புகாரையும் அவள் எழுதிய நாலு வரியையும் சேர்த்துக் கிழித்தார். வேறொரு தாளை நீட்டினார். நடந்ததை யாரும் யாரிடமும் பேசுவதில்லை. பதிலுக்கு அவளுக்குப் பதவி உயர்வு. 'தலைமைத் தரக் காவலர்'.

"தவளைங்கறவங்க மேல புகார்?" என்றார் மாஜி.

"அது ஒரு... உற்சாகமான ரசிகர்."

"நல்லது. போலீஸ்ல முன்ன மாதிரி அதிகம் கேக்கறதில்லை. ஆனா காசு குடுத்து வாங்கின வீட்ல ஒரு அறையை எட்டிப் பார்த்தவங்களைத் திருடின்னு எழுதினா, விட்டுக்குடுக்காம ரெண்டு கேள்வி கேட்டிருப்பாங்க."

டெஸ்டர் தாளைப் படித்தாள். மடித்தாள். மேஜைமேல் திரும்ப வைத்தாள்.

"ஏற்கெனவே ஒண்ணுல கையெழுத்துப் போட்டிருக்கேன் சார். அதை நான் மீறலை. இன்னிக்கு நான் ஒரு வார்த்தை சொல்லலை, உங்க மெஷின்தான் பேசுச்சு. அதுகிட்டயே கையெழுத்து வாங்கிக்குங்க."

வெளியே வந்தாள். பையை எடுக்கத் தன் இடத்துக்குப் போனாள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஓவியர், கலங்கரைக்குப் படிக்கட்டும் விளக்கும் வரைந்தவர், எழுந்து நின்று கை நீட்டினார்.

"நல்லபடியா முடிஞ்சதே, அது போதும். எனக்கு அப்பவே தெரியும்மா, நீ எடுத்திருக்க மாட்டேன்னு."

"எப்படிண்ணா தெரியும்?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலத்தான் கேட்டாள். ஓவியர் வாயைத் திறந்தார். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால், அந்தப் படிக்கட்டை டிஸ்க் அச்சாவதற்கு எத்தனை மாதம் முன்பே வரைந்து முடித்தார் என்பதும் அதோடு வரும். மூன்று நாளாக அதைச் சொல்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததும் வரும். அவர் முன்வரிசையைப் பார்த்தார். அங்கே யாரும் திரும்பவில்லை. பின்வரிசையிலும் திரும்பவில்லை.

நீட்டிய கை மெல்ல மேஜைக்கு இறங்கி மௌஸைப் பிடித்துக்கொண்டது.

அவள் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நாற்காலியை மேஜைக்குள் தள்ளிவிட்டு நடந்தாள்.